ஃபேக்ஸ் மோடம் மக்கர் செய்தால்: மலைக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரி ஆபீஸ், எஸ்டேட் ஆபீஸ், பழைய லாட்ஜ் என்று ஏதாவது ஒரு மூலையில், விண்டோஸ் 98-இலோ எக்ஸ்பியிலோ ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று, அதைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் வழியாக இன்னும் ஃபேக்ஸ் வாங்கிக்கொண்டிருக்கும். மெயில் வந்த பிறகும் அதை யாரும் கழற்றவில்லை. அது நின்றுபோகிற நாளில்தான் அதன் நினைப்பே வரும். உடனே நடக்கிற முதல் காரியம், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். பழைய சிடி கிடைக்காது, கிடைத்தாலும் சீரியல் நம்பர் இருக்காது. வின்ஃபேக்ஸ் புரோ மாதிரி ஒரு ஃபேக்ஸ் நிரலுக்கு 2006-ஓடு கதை முடிந்துவிட்டது; கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. அதைவிட முக்கியம், முக்கால்வாசி நேரம் கோளாறு சாஃப்ட்வேரில் இருப்பதே இல்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சிறந்த கருவி உங்கள் காதுதான். ஃபேக்ஸ் அழைப்பு எப்போதும் ஒரே வரிசையில் நடக்கும். டி.30 என்ற சர்வதேச விதிமுறை அதைக் கட்டம் கட்டமாக வகுத்திருக்கிறது; ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சத்தம் உண்டு. எந்தச் சத்தத்தில் நின்றுபோகிறது என்று தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வரிசை இதுதான். மணி அடிக்கும், மோடம் எடுக்கும். அனுப்புகிற மெஷினிடமிருந்து அரை விநாடி ‘பீப்’, மூன்று விநாடி மௌனம், மறுபடி ‘பீப்’ என்று 1100 ஹெர்ட்ஸ் ஒலி வரும். நம் மோடம் பதிலுக்கு 2100 ஹெர்ட்ஸில் மூன்று விநாடி போல நீளமாக ஊதும். அடுத்து கரகரவென்று தாழ்ந்த குரலில் ஒரு பேச்சு: ‘எனக்கு இவ்வளவு வேகம் வரும், இவ்வளவு நுணுக்கம் வரும்’ என்று நம் மோடம் சொல்வது. இது விநாடிக்கு 300 பிட் வேகத்தில்தான் போகும். அதனால் மோசமான லைனிலும் தாக்குப்பிடிக்கும். எதிர்ப்பக்கம் அதே குரலில் பதில் சொல்லிவிட்டு, ஒன்றரை விநாடி சீறலாக ஒரு சோதனை அனுப்பும். சோதனை சரியாக வந்து சேர்ந்தால் நம் பக்கம் ‘சரி’ என்று ஒரு கரகரப்பு. அப்புறம் பக்கம் முழுவதும் இடைவிடாத இரைச்சல். கடைசியில் மறுபடி கரகரப்பு, துண்டிப்பு.

இதைக் கேட்க வெளி மோடமாக இருந்தால் அதன் ஸ்பீக்கரைக் கடைசிவரை திறந்து வைக்க வேண்டும். மோடத்தின் கூடுதல் கட்டளைப் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘எம்2 எல்3’ என்று சேர்த்தால் போதும். எம்2 என்றால் ஸ்பீக்கர் எப்போதும் திறந்திருக்கும், எல்3 என்றால் உச்ச ஒலி. வழக்கமாக இருப்பது எம்1. அது இணைப்பு கிடைத்ததும் வாயை மூடிக்கொள்ளும், நமக்குத் தேவையான பகுதி கேட்காமலே போய்விடும். ஸ்பீக்கரே இல்லாத உள் மோடம் என்றால், பக்கத்து இணைப்பில் ஒரு போனை எடுத்து, வாய்ப்பக்கத்தைக் கையால் நன்றாக மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த ஃபேக்ஸ் கெடலாம்; காரணம் தெரியுமே.

மணி அடிக்கிறது, மோடம் எடுக்கவே இல்லை

எக்ஸ்பியில் ஃபேக்ஸ் வசதி தானாக நிறுவப்பட்டிருக்காது. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் காம்போனென்ட் பட்டியலில் ஃபேக்ஸ் சர்வீசைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்த பிறகும், பிரின்டர்ஸ் அண்ட் ஃபேக்சஸ் ஃபோல்டரில் ஃபேக்ஸ் படத்தின் பிராப்பர்ட்டீசுக்குள் போய், டிவைசஸ் என்ற பக்கத்தில் மோடத்தைத் தேர்ந்தெடுத்து, ‘ரிசீவ்’ வேலையைத் திறந்துவிட வேண்டும். அனுப்புவது வேலை செய்கிறது, வாங்குவது இல்லை என்று சொல்கிறவர்கள் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

அது சரியாக இருந்தால், மோடத்தை வேறு நிரல் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மோடம் கம்ப்யூட்டரோடு பேசும் வாசலான காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். வின்ஃபேக்சும் விண்டோஸின் சொந்த ஃபேக்சும் இரண்டும் காத்திருந்தால், முதலில் எழுந்தது போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மற்றது ‘மோடம் இல்லை’ என்று சொல்லும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். பழைய சீரியல் போர்ட் மெஷின்களில் காம்1-உம் காம்3-உம் கம்ப்யூட்டரைக் கூப்பிடும் ஒரே குறுக்கீட்டு எண் 4-ஐப் பகிர்ந்துகொள்ளும், காம்2-உம் காம்4-உம் 3-ஐ. மவுஸ் காம்1-இல், மோடம் காம்3-இல் என்றால் தகராறு நிச்சயம்.

கம்ப்யூட்டர் ஸ்டாண்ட்பைக்குப் போய்விட்டிருந்தாலும் எடுக்காது. ஃபேக்ஸ் வாங்கும் மெஷினுக்குத் தூக்கமே கூடாது. மானிட்டர் வேண்டுமானால் அணையட்டும்.

இது எதுவும் இல்லை, மோடத்தின் மணி விளக்கே எரியவில்லை என்றால் பிரச்சினை லைனில். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளி, ஓவர்ஹெட் ஒயரில் நெடுந்தூரம் போகும் எஸ்டேட் இணைப்புகளில் மணிக்கான மின்னழுத்தம் இறங்கித்தான் வந்து சேரும். அதில் பங்களாவுக்கு ஒரு போன், கிளார்க் மேஜையில் ஒன்று, ஃபேக்டரியில் ஒன்று என்று பக்க இணைப்பு கொடுத்திருந்தால், மணிக்கான சக்தியை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். போன் சிணுங்கும், மோடம் அசையாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மோடத்தை மட்டும் சுவர்ப் பெட்டியில் நேராகச் சொருகிப் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். நம் ஊர் மணி இரட்டை மணி: 0.4 விநாடி, 0.2 விநாடி இடைவெளி, மறுபடி 0.4, பிறகு இரண்டு விநாடி மௌனம். சில மோடம்கள் இதை இரண்டாக எண்ணிக்கொள்ளும். நான்கு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லியும் இரண்டாவது மணியிலேயே எடுத்தால் பயப்பட வேண்டாம். போன் அண்ட் மோடம் அமைப்பில் நாட்டை இந்தியா என்று வையுங்கள், அது போதாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுக்கிறது, ஆனால் ஃபேக்ஸ் மாதிரி பேசவில்லை

நீளமான ஊதலுக்குப் பிறகு கரகரப்பு வராமல், இன்டர்நெட் டயல்-அப் காலத்துச் சத்தம் வருகிறதா? மோடம் தன்னை ஃபேக்ஸ் என்று நினைக்காமல் டேட்டா அழைப்பு என்று நினைத்துக்கொண்டு எடுத்திருக்கிறது. யாரோ மோடத்துக்குள்ளேயே எஸ்0 என்ற பதிவில் ஒன்று என்று எழுதி வைத்திருப்பார்கள். அதனால் சாஃப்ட்வேர் முந்துவதற்குள் மோடம் தானே எடுத்துவிடுகிறது. மோடத்துக்கு நேராகக் கட்டளை அடிக்க உதவும் ஹைப்பர்டெர்மினல் நிரலில் மோடத்தைத் திறந்து ‘ஏடி எஸ்0=0’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ‘ஏடி அண்ட் குறி டபிள்யூ’ கொடுத்துச் சேமியுங்கள். இனி எடுப்பது சாஃப்ட்வேரின் பொறுப்பு.

அதே திரையில் இன்னொன்றையும் கேட்டுவிடலாம். ‘ஏடி’, கூட்டல் குறி, ‘எஃப்கிளாஸ்’, சமக்குறி, கேள்விக்குறி. பதிலாக 0, 1, 2, 2.0 என்று ஏதாவது வரும். 0 டேட்டா. 1 என்றால் கிளாஸ் 1: ஃபேக்ஸ் பேச்சுவார்த்தை முழுவதையும் கம்ப்யூட்டரே நடத்தும், மோடம் வெறும் குரல். 2, 2.0 என்றால் பேச்சுவார்த்தையை மோடமே பார்த்துக்கொள்ளும். பதிலில் 0 மட்டும் வந்தால் அந்த மோடம் ஃபேக்சே வாங்காது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சத்தமெல்லாம் வருகிறது, பக்கம் தொடங்குவதற்குள் அறுந்துபோகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். காது கொடுத்துக் கேளுங்கள்: கரகரப்பு, சீறல், கரகரப்பு, மறுபடி சீறல், மறுபடி கரகரப்பு. அனுப்புகிற மெஷின் சோதனையை அனுப்புகிறது, நம் மோடம் ‘சரியாக வரவில்லை’ என்கிறது, அது வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்புகிறது. 14,400-இல் தொடங்கி 12,000, 9,600, 7,200, 4,800, கடைசியில் 2,400 வரை இறங்கிப் பார்த்துவிட்டுக் கை கழுவிவிடும்.

300 பிட்டில் பேச முடிகிறது, வேகமாக முடியவில்லை என்றால் லைனில் இரைச்சல் இருக்கிறது என்று அர்த்தம். மோடத்தின் டிரைவரை மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: சாதாரண போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். இப்போது சில விநாடி அமைதியாகக் கேளுங்கள். நல்ல லைன் என்றால் ஒன்றுமே கேட்காது. ‘ம்ம்ம்’ என்று மின்சார ரீங்காரம் கேட்டால் இரண்டு ஒயரில் ஒன்று எங்கோ மண்ணையோ ஈர மரத்தையோ தொடுகிறது. பொரிகிற மாதிரி சடசடத்தால் ஏதோ ஒரு இணைப்பில் ஈரமோ களிம்போ. பேச்சுக்கு இது ஒரு பொருட்டே இல்லை; நம் மூளை இரைச்சலைத் தள்ளிவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். மோடத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ‘போன் நல்லாத்தானே கேக்குது’ என்று லைன்மேன் சொல்வார். அவர் கையில் போனைக் கொடுத்து, ஒரு எண்ணை அழுத்திவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அவரை வரவழைக்கும் முன் உங்கள் கட்டடத்துக்குள் இருப்பதைச் சரிபார்த்துவிடுங்கள். மலையில் மூடுபனி ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். காலையில் ஹீட்டர் போட்டதும் குளிர்ந்த உலோகத்தில் எல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். போன் சாக்கெட்டைத் திறந்து பார்த்தால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு தெரியும். கம்பி முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். மோடத்துக்குப் போகும் ஒயரின் பிளக்கை மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. சுவரோரம் இருபது அடிக்குச் சுருட்டிக் கிடக்கும் தட்டையான போன் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குட்டையாக ஒன்று போடுங்கள். டியூப் லைட் சோக், ஸ்டெபிலைசர் பக்கத்தில் அதை ஓட விடாதீர்கள்.

அதே லைனில் பிராட்பேண்ட் ஓடினால், குரலையும் டேட்டாவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபேக்ஸ் மோடம் அதன் ‘போன்’ துளையில்தான் இருக்க வேண்டும். பக்க இணைப்பு போன் ஒன்று ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் வடிகட்டி இல்லாமல் தொங்கினாலும் போதும், மொத்த லைனும் சீறும்.

லைனைத் திருத்த முடியாது, இன்றைக்கே ஃபேக்ஸ் வந்தாக வேண்டும் என்றால் வேகத்தைக் குறையுங்கள். வின்ஃபேக்ஸ் போன்றவற்றில் வாங்கும் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க முடியும். 9,600 வையுங்கள், தேவைப்பட்டால் 4,800. உங்கள் நிரலில் அந்த வசதி இல்லாவிட்டால் அனுப்புகிறவரிடம் சொல்லுங்கள்: பல ஃபேக்ஸ் மெஷின்களில் ‘ஓவர்சீஸ் மோடு’ என்று ஒன்று உண்டு. அது மெதுவாகவும் பொறுமையாகவும் அனுப்பும். பக்கத்துக்குச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மழை பெய்தால் மட்டும் கெடுகிறது

கூடலூர், தேவாலா பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழையில் இது தொடங்கும். குன்னூர், கோத்தகிரிச் சரிவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்கில். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும் தானாகச் சரியாகிவிடும். அதனால் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர் எதையோ மாற்றினார், சரியாயிற்று என்று நாமும் நம்பிவிடுவோம். அடுத்த மழையில் மறுபடி ஆரம்பிக்கும்.

போஸ்ட் மரத்தின் விநியோகப் பெட்டியில் மூடி இல்லாமல் இருப்பது, வீட்டுக்கு வரும் டிராப் ஒயர் மரக்கிளையில் உரசித் தோல் போயிருப்பது, நடுவில் ஒட்டுப் போட்ட இடம் நனைவது: இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் ஒயரில் உரசலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். புகார் கொடுக்கும்போது ‘ஃபேக்ஸ் வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். அது உங்கள் கருவியின் பிரச்சினை என்று மூடிவிடுவார்கள். ‘மழை நேரத்தில் லைனில் சடசடப்பு’ என்று எழுதுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வந்து அளக்கச் சொல்லுங்கள்.

பாதிப் பக்கம் வருகிறது, அல்லது வரிகள் விட்டுப்போய் வருகிறது

பக்கம் நடுவில் ஒரேயடியாக அறுந்தால், யாரோ பக்கத்து போனை எடுத்தார்கள். அல்லது கால் வெயிட்டிங் ‘டொக்’ என்று குறுக்கே வந்தது. கால் வெயிட்டிங்கை எக்ஸ்சேஞ்சில் சொல்லி எடுத்துவிடுங்கள். ஃபேக்ஸ் லைனுக்கு அது தேவையே இல்லை.

அறுந்துபோகாமல், இடையிடையே சில வரிகள் மட்டும் கிழிந்தும் விட்டும் வந்தால் லைனைக் குற்றம் சொல்வதற்கு முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள். கிளாஸ் 1-இல் மோடம் தரும் ஒவ்வொரு பைட்டையும் கம்ப்யூட்டர் அந்தந்தக் கணத்தில் எடுத்துக்கொண்டாக வேண்டும். மிகப் பழைய சீரியல் சிப்புகளில் ஒரு பைட்டுக்குத்தான் இடம். 16550ஏ என்ற சிப்பில் 16 பைட் வரிசையில் நிற்கலாம். கம்ப்யூட்டர் வைரஸ் ஸ்கேனில் மூழ்கியிருந்தாலோ, முப்பரிமாண ஸ்கிரீன்சேவர் சுழன்றுகொண்டிருந்தாலோ வரிசை வழிந்து வரி போய்விடும். மோடத்தில் பைட்டுகள் வரிசையில் நிற்கும் இடமான ஃபிஃபோ பஃபர் திறந்திருக்கிறதா, ஃப்ளோ கண்ட்ரோல் ஹார்டுவேர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பியில் இன்னொரு வினோதம்: ஹார்ட் டிஸ்க் அடிக்கடி பிழை தந்தால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து, பிராசசரையே சுமக்க வைக்கும் பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பிறகு ஒரு ஃபைலைக் காப்பி செய்தாலே மெஷின் திணறும், ஃபேக்சும் கிழியும். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலைப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்க்குக்கும் அது ஒரு எச்சரிக்கைதான்.

மோடம் 2 அல்லது 2.0 காட்டியிருந்தால் சாஃப்ட்வேரில் கிளாசை அதற்கு மாற்றிப் பாருங்கள். மெதுவான மெஷினுக்கு அது பெரிய நிம்மதி. இரு பக்கமும் பிழைதிருத்த முறையான இசிஎம் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள்; கெட்ட பகுதியை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஃபைபர் இணைப்புக்கு மாறிய பிறகு வரவில்லை

செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் கொடுத்து, அதே நம்பரை ஒரு பெட்டியின் போன் துளையில் தந்திருப்பார்கள். பேச்சு கண்ணாடி மாதிரி தெளிவு. ஃபேக்ஸ் மட்டும் இரண்டாவது பக்கத்தில் சாகும். காரணம், குரல் இப்போது இன்டர்நெட் பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால் காதுக்குத் தெரியாது, மோடத்துக்குத் தெரியும். மேலே சொன்னதற்கு நேர்மாறாக இங்கே இசிஎம்மை அணையுங்கள். தொலைந்ததையெல்லாம் மறுபடி மறுபடி கேட்டே அழைப்பு நேரம் முடிந்துவிடும். வேகம் 9,600-க்கு மேல் வேண்டாம். இணைப்புக் கொடுத்தவரிடம், போன் துளையில், ஃபேக்சை இன்டர்நெட் வழியாக அனுப்புவதற்கான டி.38 முறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் குரலைச் சுருக்காத ஜி.711 முறையாவது வைக்கச் சொல்லுங்கள். ஜி.729 போன்ற சுருக்கும் முறையில் ஃபேக்ஸ் போகாது.

வந்த பக்கம் சப்பையாக, அல்லது கறுப்பாகத் தெரிகிறது

சப்பையாகத் தெரிவது கோளாறே இல்லை. ஃபேக்ஸ் படம் குறுக்கே ஒரு வரிக்கு 1,728 புள்ளி. நெடுக்கே சாதாரண முறையில் மில்லிமீட்டருக்கு 3.85 வரி, ஃபைன் முறையில் 7.7 வரி. சாதாரண முறையில் குறுக்கும் நெடுக்கும் ஒரே அடர்த்தி இல்லை. சில படம் பார்க்கும் நிரல்கள் இதைக் கவனிக்காமல், புள்ளிக்குப் புள்ளி காட்டும். ஏ4 பக்கம் பாதி உயரத்துக்கு நசுங்கித் தெரியும். இர்ஃபான்வியூவில் திறந்து, அகலத்தை அப்படியே விட்டு உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்குங்கள்.

முழுக்கக் கறுப்பாகவோ குப்பையாகவோ தெரிந்தால், ஃபைலுக்குள் பிட் வரிசை தலைகீழாக எழுதப்பட்டிருக்கும், அல்லது கறுப்பு வெள்ளை மாறியிருக்கும். வாங்கிய அதே நிரலில் திறந்தால் நன்றாகத் தெரியும். அங்கிருந்து வேறு டிஃப் (படத்தைச் சேமிக்கும் ஒரு வடிவம்) ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைத் திருத்த முடியவில்லை

ஃபேக்ஸ் என்பது படம். அதில் எழுத்து என்று எதுவும் கிடையாது. வேர்டில் திறந்தாலும் படமாகத்தான் உட்காரும். திருத்த வேண்டுமானால், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் போட வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி: எவ்வளவு எழுத்து? அரைப் பக்கம் என்றால் உட்கார்ந்து டைப் அடித்துவிடுங்கள், ஓசிஆர் போட்டுத் திருத்துவதைவிட அது சீக்கிரம் முடியும். கையெழுத்தாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டைப்தான்.

வெறுமனே ஒரு படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் ஓசிஆரும் வேண்டாம். எக்ஸ்பியின் பிக்சர் அண்ட் ஃபேக்ஸ் வியூவரில் டிஃப் படத்தின் மேல் எழுத்துப் பெட்டி வைக்கலாம், கோடு போடலாம். விண்டோஸ் 98-இல் இமேஜிங் என்ற நிரல் இதே வேலையைச் செய்யும். இப்படி வைத்த எழுத்து வேறு நிரலில் திறக்கும்போது காணாமல் போகலாம். அதனால் ஃபைலாக அனுப்பாமல், அங்கிருந்தே ஃபேக்ஸ் பிரின்டருக்குப் பிரின்ட் கொடுத்துவிடுங்கள்.

சரி, நாலு பக்கம் அச்செழுத்து, ஓசிஆர்தான் போட வேண்டும் என்றால் வேலை அனுப்புகிறவரிடம் தொடங்குகிறது. ஃபைன் முறையில் அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண முறையில் அங்குலத்துக்கு 98 வரிதான். 10 புள்ளி அளவு ஆங்கில எழுத்தில் சின்ன எழுத்தின் உயரத்துக்கு ஏழு வரிகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு எந்த ஓசிஆரும் ‘இ’-யையும் ‘சி’-யையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஃபைனில் அது இரட்டிப்பாகும்.

வந்த படத்தில் மேலே அனுப்பியவரின் நம்பரும் தேதியும் உள்ள வரியை வெட்டிவிடுங்கள். சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். சாதாரண முறையில் வந்ததென்றால் உயரத்தை இரட்டிப்பாக்கிய பிறகே ஓசிஆர் போடுங்கள். ஆனால் ‘டீஸ்பெக்கிள்’ என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். லைன் இரைச்சலில் வந்த கறுப்புப் பொட்டுகளை நீக்குகிறேன் என்று அது தசமப் புள்ளியையும் சேர்த்துத் தின்றுவிடும். 112.50 ரூபாய் 11250 ஆகும். தமிழ்ப் பக்கமாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் போய், படிக்கவே முடியாத ஒன்று வரும்.

ஆங்கிலப் பக்கத்துக்கு ஆபீஸ் 2003 இருக்கிற மெஷினில் தனியாக எதையும் தேட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் டாக்குமென்ட் இமேஜிங் என்று ஒன்று அதனோடு வரும். டிஃப்-ஐ அதில் திறந்து டூல்ஸ் மெனுவில் எழுத்தை அறியச் சொல்லி, அங்கிருந்தே வேர்டுக்கு அனுப்பலாம். ஆபீஸ் 2010-இல் இதை எடுத்துவிட்டார்கள்.

வந்த எழுத்தை எங்கே சந்தேகப்பட வேண்டும்? தேயிலைக் கணக்கில் சொற்களைவிட எண்ணும் கிரேடும்தான் ஆபத்து. பிஓபிஎஃப் என்ற தேயிலைக் கிரேடின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் 8 ஆகும், அடுத்தது சைபர் ஆகும். 3-உம் 8-உம், 1-உம் 7-உம், 5-உம் 6-உம் இடம் மாறும். எழுத்துப் பிழையை வேர்டு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், எண்ணுக்கு அப்படி யாரும் காட்ட மாட்டார்கள். அதனால் எடை, விலை, தொகை உள்ள பத்திகளை எக்செலில் ஒட்டிக் கூட்டுங்கள். ஃபேக்சில் அச்சான மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு எண் மாறியிருக்கிறது. மொத்தம் அச்சாகாத பட்டியல் என்றால் ஒருவர் படிக்க இன்னொருவர் டிக் போடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தமிழ்ப் பக்கம் கட்டம் கட்டமாக வருகிறது

ஆபீஸோடு வந்த ஓசிஆருக்குத் தமிழ் தெரியாது. ஹெச்பி நிறுவனத்தில் 1980-களில் உருவாகி 2005-இல் திறந்த மூலமாக வெளிவந்த டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலுக்குத் தெரியும்; புதிய கம்ப்யூட்டர் ஒன்றில் தமிழ்த் தரவோடு அதை நிறுவி, பழைய மெஷினிலிருந்து டிஃப்-ஐ பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்துக்கு இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தாலும் எழுத்தாகிவிடும். வங்கி விவரமோ சம்பளப் பட்டியலோ என்றால் ஏற்றாதீர்கள். எதில் செய்தாலும் ‘ர’-வும் துணைக்காலும், ‘ன’-வும் ‘ண’-வும், ‘எ’-யும் ‘ஏ’-யும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படி வருவது யூனிகோட் எழுத்து. அதைப் பழைய மெஷினுக்குத் திரும்பக் கொண்டுபோனால்தான் கட்டம் கட்டமாகத் தெரியும். எக்ஸ்பியில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் அமைப்பில் சிக்கலான எழுத்து மொழிகளுக்கான ஃபைல்களை நிறுவும் பெட்டியில் டிக் போட்டால் லதா எழுத்துருவில் ஒழுங்காக வரும். விண்டோஸ் 98-இல் அந்த வழி இல்லை. அங்கே பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் உங்கள் கடிதங்களெல்லாம் இருக்கும். என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடைப் பாமினியாக மாற்றிக் கொண்டுபோங்கள். மாற்றிய பிறகு எழுத்துருவைப் பாமினிக்கு மாற்ற மறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதைக் கண்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

நேற்று வரை சரி, இடி இடித்த பிறகு செத்துவிட்டது

மோடம் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்கிறது, ஆனால் டயல் டோனே இல்லை என்கிறது, மணியும் தெரியவில்லை. அதே ஒயரில் போனை மாட்டினால் பேச முடிகிறது. லைன் பக்கத்துப் பாகம் எரிந்துவிட்டது. ரிப்பேர் செய்வதில் அர்த்தமில்லை. அடுத்தது வாங்கும்போது கம்ப்யூட்டருக்குள் சொருகும் அட்டை வேண்டாம், வெளி மோடமாக வாங்குங்கள். அடுத்த இடிக்கு அதோடு மதர்போர்டும் போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். லைன் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வைத்து, அதன் எர்த் கம்பியை நிஜமாகவே மண்ணில் இறக்குங்கள். ஏப்ரல், மே சாயங்காலங்களில் ஆபீஸ் பூட்டும்போது போன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவதற்கு ஈடான தடுப்பான் எதுவும் இல்லை. இரவில் ஃபேக்ஸ் வரும் என்று எதிர்பார்த்தால் மட்டும் யோசியுங்கள்.

மெஷினை மாற்றப்போகிறீர்கள் என்றால், வின்ஃபேக்சில் வந்து குவிந்திருக்கும் எஃப்எக்ஸ்ஆர் ஃபைல்களை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஃப்-ஆக ஏற்றுமதி செய்துவிடுங்கள். அந்த நிரல் போய்விட்டால் அவற்றைத் திறப்பது பெரும்பாடு. எக்ஸ்பியின் சொந்த ஃபேக்ஸ் என்றால் ஏற்கெனவே டிஃப்-ஆகத்தான் இருக்கும்; ஆல் யூசர்ஸ் ஃபோல்டரின் அப்ளிகேஷன் டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, எம்எஸ்ஃபேக்ஸ் என்று இறங்கினால் இன்பாக்ஸ் இருக்கும். அப்ளிகேஷன் டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்ன பிறகு போங்கள்.